பழம் காத்திருக்காது! கரிசல் காட்டிலிருந்து கம்பம் பள்ளத்தாக்குக்கு ஒரு திராட்சைப் பயணம்

ஏழாயிரம்பண்ணை பக்கம் ஒருவரிடம் 'தண்ணீர் எப்படி?' என்று கேட்டால், பெரும்பாலும் வானத்தைத்தான் காட்டுவார். மானாவாரிக் கரிசல் பூமி. மழை பெய்தால் பருத்தி, மக்காச்சோளம், உளுந்து, குதிரைவாலி. பெய்யாவிட்டால் தீப்பெட்டி, பட்டாசு வேலை. இந்த மண்ணிலிருந்து விடியற்காலையில் வண்டி எடுத்து, சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், தே.கல்லுப்பட்டி, உசிலம்பட்டி, தேனி வழியாகப் போனால், முற்பகலுக்குள் வேறு ஓர் உலகம் வந்துவிடுகிறது. இருபக்கமும் மலை, நடுவே நெல் வயல், தென்னை, வாழை. அதற்கும் மேலே போனால் தலைக்கு மேல் பந்தல் போட்டுக் கொத்துக் கொத்தாகத் தொங்கும் கறுப்புத் திராட்சை. அதுதான் கம்பம் பள்ளத்தாக்கு.

இந்தப் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் பழைய ஊர்களைப் பார்க்கலாம், பழம் வாங்கலாம், படம் எடுத்துக்கொள்ளலாம். விவசாயி போனால் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். விளைச்சல் நன்றாக இருந்தும் விலையைத் தீர்மானிக்கும் இடத்தில் விவசாயி ஏன் இல்லை என்பதற்கு, இந்தத் திராட்சைப் பந்தலைப் போலத் தெளிவான பாடம் வேறு இல்லை.

பழைய ஊர்களின் பாதை

தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில் முதலில் வரும் பெரிய ஊர் சின்னமனூர். பாண்டியர் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. பாண்டிய மன்னர்களின் வம்சத்தையும் போர்களையும் சொல்லும் 'சின்னமனூர்ச் செப்பேடுகள்' இந்த ஊரின் பெயரால்தான் அழைக்கப்படுகின்றன. இங்குள்ள பூலாநந்தீஸ்வரர் கோயில் பள்ளத்தாக்கின் முக்கியமான சிவத்தலம்.

அடுத்தது உத்தமபாளையம். காளகஸ்தீஸ்வரர் கோயில் இங்கே பெயர்பெற்றது. ஊரை ஒட்டிய திருக்குணகிரி பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த வழியில் ஆள் நடமாட்டமும் வணிகமும் இருந்ததற்கு அவை சாட்சி. கம்பத்தில், பெருமாளும் சிவனும் ஒரே வளாகத்தில் இருக்கும் கம்பராயப் பெருமாள் கோயில் இருக்கிறது. பக்கத்தில் சுருளி அருவி.

கூடலூரைத் தாண்டி லோயர்கேம்ப் போனால் பென்னிகுவிக் மணிமண்டபம். மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய திட்டம் 1895-ல் நிறைவேறியது. அந்தத் தண்ணீர் வந்த பிறகுதான் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் சாகுபடி நிலைத்தது. இன்றும் ஜனவரி 15-ம் தேதி பென்னிகுவிக் பிறந்தநாளுக்கு இங்குள்ள விவசாயிகள் பொங்கல் வைக்கிறார்கள். மழையை மட்டும் நம்பும் கரிசல்காரர்கள் இந்த மண்டபத்தில் கொஞ்ச நேரம் நிற்காமல் திரும்ப மாட்டார்கள்.

பந்தலுக்குக் கீழே

சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர், ஆனைமலையன்பட்டி, ராயப்பன்பட்டி என்று சுற்றுவட்டாரக் கிராமங்களில் சுமார் 2,000 ஏக்கரில் பன்னீர் திராட்சை விளைகிறது. பெரும்பாலும் சிறு, குறு விவசாயிகள். தமிழ்நாட்டில் திராட்சை விளையும் பரப்பில் ஏறத்தாழ 85 சதவிகிதம் இந்த ஒரே ரகம்தான்.

பன்னீர் திராட்சையின் உலகப் பெயர் 'மஸ்கட் ஹாம்பர்க்'. ஐரோப்பாவில் இரண்டு ரகங்களின் சேர்க்கையில் பிறந்தது. 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் மூலம் தமிழ்நாட்டுக்கு வந்ததாகச் சொல்லப்படுகிறது. பழத்தைக் கையில் எடுத்தாலே வரும் வாசனைதான் இதற்குப் 'பன்னீர்' என்ற பெயரை வாங்கிக் கொடுத்தது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கல் தூண் நட்டு, கம்பி இழுத்துப் பந்தல் போட்டு, அதன்மேல் கொடியைப் படர விடுகிறார்கள். பன்னீர் ரகத்துக்கு நான்கு மொட்டு விட்டுக் கவாத்து செய்வது வழக்கமான பரிந்துரை. கவாத்து செய்த நான்கு மாதங்களில் பழம் அறுவடைக்கு வரும். குளிரில் கொடி உறங்கும் நாடுகளில் ஆண்டுக்கு ஓர் அறுவடைதான். இங்கே கடுங்குளிர் கிடையாது; கொடி உறங்குவதில்லை. ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் பூ. அதற்கடுத்த தோட்டத்தில் பழம். அதனால்தான் கம்பத்தில் வருடம் முழுக்க ஏதாவது ஒரு பந்தலில் பழம் தொங்கிக்கொண்டே இருக்கிறது. பராமரிப்பு சரியாக இருந்தால் பன்னீரில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 30 டன், அதாவது ஏக்கருக்கு 12 டன் வரை மகசூல் எடுக்கலாம் என்கின்றன பல்கலைக்கழகப் பரிந்துரைகள்.

தேக்கடி போகும் சுற்றுலாப் பயணிகளும், கார்த்திகை, மார்கழியில் சபரிமலை போகும் பக்தர்களும் இந்த வழியாகத்தான் போகிறார்கள். சாலையோரத் தோட்டங்கள் சில, பார்வையாளர்களுக்காகத் திறந்திருக்கின்றன. பந்தலுக்குள் நடந்து பார்த்துவிட்டு, ஆளுக்கு இரண்டு கிலோ பழம் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

பழத்தின் குணமே பலவீனம்

இவ்வளவு இருந்தும் திராட்சை விவசாயியின் கணக்கு ஏன் இடிக்கிறது? காரணம் பழத்துக்குள்ளேயே இருக்கிறது. பன்னீருக்குத் தோல் மெல்லியது, சாறு அதிகம். பறித்தால் சில நாள்களுக்கு மேல் தாங்காது. பறிக்காமலும் விட முடியாது. பழுத்த நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடிக்கும். வெடித்த பழத்தில் அழுகல் பரவும்.

இது வியாபாரிக்கு நன்றாகத் தெரியும். தோட்டத்துக்கு வருகிறவர் இன்றைக்கு ஒரு விலை கேட்கிறார். 'கட்டாது' என்று விவசாயி சொன்னால், அவர் நாளை வரலாம்; வராமலும் போகலாம். காத்திருப்பதால் வியாபாரிக்கு நஷ்டமில்லை. விவசாயிக்கு ஒவ்வொரு நாளும் நஷ்டம். விலை பேசுவது என்பது யார் அதிக நாள் பொறுத்திருக்க முடியும் என்ற போட்டி. அதில் பன்னீர் விவசாயி பேசத் தொடங்கும் முன்பே தோற்றுப்போகிறார். ஏக்கருக்கு 12 டன் என்பது நல்ல விலையில் வரம். விலை சரிந்த வாரத்தில் அதுவே சுமை.

போர்டோ கலவை பிறந்த பூமி

திராட்சை விவசாயி மட்டுமல்ல. வெற்றிலை, மிளகு, தக்காளி விவசாயியும் நன்கு அறிந்த மருந்து போர்டோ கலவை. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு சதவிகிதக் கரைசல். இந்தப் பெயரில் இருக்கும் 'போர்டோ' பிரான்ஸ் நாட்டின் ஒரு நகரம். அதைச் சுற்றியிருக்கும் திராட்சைத் தோட்டங்களில், சாலையில் போகிறவர்கள் பழத்தைப் பறிக்காமல் இருக்க, ஓரத்துக் கொடிகளில் துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசுவது வழக்கம். 1880-களில் அடிச்சாம்பல் நோய் தோட்டங்களை அழித்தபோது, பூசப்பட்ட ஓரத்துக் கொடிகள் மட்டும் இலை உதிர்க்காமல் நின்றதைக் கவனித்தார் மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர். அங்கிருந்துதான் இன்று நாம் தெளிக்கும் மருந்து வந்தது.

அந்தப் போர்டோ நகரத்துக்குச் சுமார் 40 கிலோமீட்டர் கிழக்கே செயின்ட் எமிலியோன் என்ற சிற்றூர் இருக்கிறது. மக்கள் தொகை 2,000-ஐத் தொடாது. நம் பக்கத்தில் அது ஒரு நடுத்தரக் கிராமம். ரோமானியர் காலத்திலிருந்து திராட்சை விளையும் இடம். எட்டாம் நூற்றாண்டில் எமிலியோன் என்ற துறவி தங்கியிருந்ததால் அந்தப் பெயர். சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து பூமிக்குள் எழுப்பிய தேவாலயம் ஒன்று அங்கே உண்டு. ஊரையும் சுற்றியுள்ள திராட்சைத் தோட்டங்களையும் சேர்த்து 1999-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யச் சின்னமாக அறிவித்தது. உலகம் முழுவதிலிருந்தும் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள்.

சின்னமனூரிலும் உத்தமபாளையத்திலும் உள்ள பழைமைக்கு அது ஒன்றும் மூத்ததல்ல. திராட்சையிலும் கம்பம்தான் வசதியானது. அங்கே செப்டம்பர், அக்டோபரில் ஒரே ஓர் அறுவடை. கம்பத்தில் வருடம் முழுக்கப் பழம். அப்படியென்றால் வித்தியாசம் எங்கே?

முதல் வித்தியாசம், அங்கே பழம் காத்திருக்கிறது. பறித்த பழம் சில மணி நேரத்தில் ஆலைக்குப் போய் ஒயினாகிறது. ஒயின் மரப்பீப்பாயில் மாதக்கணக்கில், புட்டியில் வருடக்கணக்கில் நிற்கிறது. ஊரின் அடியில் கட்டடக் கல்லுக்காக வெட்டி எடுத்த பாறைச் சுரங்கங்கள் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகின்றன. வெயில் காலத்திலும் குளிர்ச்சியாக இருக்கும் அந்தப் பள்ளங்களையே சரக்கு வைக்கும் இடமாக்கிக்கொண்டார்கள். வருடங்கள் கழிந்தால் விலை ஏறும் சரக்கும் அதில் உண்டு. அவசரம் வாங்குகிறவருக்குத்தான்.

இரண்டாவது வித்தியாசம், பெயருக்குக் காவல். 1199-லேயே அந்த ஊரின் ஒயினைச் சோதித்து, தரமற்றதை ஒதுக்கும் உரிமை ஊர்ச்சபைக்குக் கிடைத்தது. பிரெஞ்சுப் புரட்சியில் கலைந்த அந்தச் சபையை 1948-ல் மீண்டும் உருவாக்கினார்கள். 1936 முதல் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு. எந்த எல்லைக்குள் விளைய வேண்டும், எந்த ரகம், ஹெக்டேருக்கு அதிகபட்சம் எவ்வளவு விளைவிக்கலாம் என்பதெல்லாம் விதி. கூடுதலாக விளைவித்தால் அந்தப் பெயரைப் போட முடியாது. மகசூலைக் கூட்டச் சொல்லும் பரிந்துரைகளையே கேட்டுப் பழகிய நமக்கு இது விநோதமாகப் படும். அவர்கள் எடையை விட்டுப் பெயரை விற்கிறார்கள்.

மூன்றாவது வித்தியாசம், வந்தவரின் பணம் தோட்டத்திலேயே தங்குகிறது. பார்வையாளர் பந்தலைப் பார்த்துவிட்டு இரண்டு கிலோவோடு திரும்புவதில்லை. சரக்கறையைப் பார்க்கிறார், சுவைக்கிறார், அதே ஊரில் சாப்பிடுகிறார், தங்குகிறார், பல வருடம் கெடாத ஒரு புட்டியை வாங்கிப் போகிறார்.

நாசிக் சொல்லும் நல்லதும் கெட்டதும்

'அது வெள்ளைக்காரன் ஊர்' என்று விட்டுவிட முடியாது. மகாராஷ்டிராவின் நாசிக் இதையே செய்துகாட்டியது. அந்த மாநில அரசு 2001-ல் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்குத் தனிக் கொள்கை கொண்டுவந்து, ஒயினுக்கு வரிச் சலுகை கொடுத்தது. அடுத்தடுத்து ஒயின் ஆலைகள் வந்தன. தோட்டத்திலேயே சுவைக்கும் கூடமும் தங்கும் விடுதியும் அமைத்தார்கள். மும்பையிலிருந்து வார இறுதியில் கார்கள் வரிசை கட்டின.

அதே நாசிக்கில் அடியும் விழுந்தது. ஒயினுக்கென்று தனி ரகங்களை நட்டவர்கள், 2008-09 பொருளாதார மந்தத்தில் ஆலைகள் கொள்முதலைக் குறைத்ததும் திகைத்துப்போனார்கள். ஒயின் ரகத்தின் பழம் சிறியது, விதை அதிகம். சந்தையில் சாப்பிடும் பழமாக விலை போகாது. பலர் கொடியையே பிடுங்கிப் போட்டார்கள். ஒரே ஒரு வாசலை நம்பினால் அந்த வாசல் சாத்தப்படும் நாளில் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம். இந்த விஷயத்தில் பன்னீர் ஒரு படி மேல். சாப்பிடவும் ஆகும், சாறு பிழியவும் ஆகும், ஒயினுக்கும் ஆகும்.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. மது தயாரிக்க அரசு உரிமம் கட்டாயம். 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் நிறுவனத்தின் கையில். ஆகவே, ஐந்து ஏக்கர் திராட்சை விவசாயி தன் தோட்டத்து வாசலில் ஒயின் விற்கும் வழி இப்போதைக்கு இல்லை. 'மதுவே வேண்டாம்' என்று நினைக்கும் விவசாயக் குடும்பங்களும் இங்கே ஏராளம்.

மது இல்லாமலும் பழம் காத்திருக்கும்

அவர்களுக்கு வழி காட்டியவர் ஒரு பல் மருத்துவர். அமெரிக்காவின் நியூஜெர்சியில் வாழ்ந்த தாமஸ் வெல்ச், மதுவை ஏற்காத கிறிஸ்தவர். தேவாலயத் திருவிருந்தில் ஒயினுக்குப் பதில் கொடுக்கப் புளிக்காத திராட்சைச் சாறு வேண்டும் என்று நினைத்தார். 1869-ல், வடிகட்டிய சாற்றைப் புட்டியில் அடைத்து மூடி, சுடுநீரில் வைத்துச் சூடாக்கினார். புளிக்க வைக்கும் ஈஸ்ட் செத்தது. சாறு சாறாகவே நின்றது. திராட்சைச் சாறு பெரிய தொழிலானது அங்கிருந்துதான்.

பன்னீருக்கு நிறமும் வாசனையும் இயற்கையிலேயே இருப்பதால் சாறு, ஸ்குவாஷ், ஜாம் எல்லாம் எடுபடும். உலர்திராட்சைக்கு மட்டும் விதையில்லா ரகங்களே சந்தையில் முந்துகின்றன. ஒரு விவசாயி தனியாகச் செய்வதைவிட, பத்துப் பதினைந்து பேர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து, விலை சரியும் வாரத்தில் விளைச்சலின் ஒரு பங்கையாவது சாறாக்க முடிந்தால், மீதிப் பங்குக்கு விலை பேசும்போது குரல் மாறும். முழு விளைச்சலையும் சாறாக்க வேண்டியதில்லை. 'எனக்கு வேறு வழி இருக்கிறது' என்று வியாபாரிக்குத் தெரிந்தாலே போதும்.

கரிசலுக்கு என்ன பாடம்?

ஏழாயிரம்பண்ணைக்காரர் இங்கிருந்து திராட்சைக் குச்சியை எடுத்துப்போக வேண்டும் என்பதில்லை. எடுத்துப்போக வேண்டியது ஒரு கேள்வி: 'என் விளைபொருள் எத்தனை நாள் காத்திருக்கும்?'

குதிரைவாலி, உளுந்து, வத்தல், பருத்தி எல்லாம் மாதக்கணக்கில் நிற்கும். பன்னீர் விவசாயிக்கு இல்லாத பாக்கியம் அது. இருந்தும் கரிசலில் அறுவடை முடிந்த வாரமே மூட்டைகள் கைமாறிவிடுகின்றன. கம்பத்தில் பழம் காத்திருக்காது. கரிசலில் தானியம் காத்திருக்கும், கடன்தான் காத்திருக்காது. இதற்காகத்தான் ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்குகளில் விளைபொருளை இருப்பு வைத்து, அதன் மதிப்பில் ஒரு பங்கைப் பொருளீட்டுக் கடனாகப் பெறும் வசதி இருக்கிறது. அவசரச் செலவைக் கடனில் சமாளித்து, விலை ஏறும்போது விற்கலாம்.

பெயரிலும் கரிசல் ஏழையில்லை. பக்கத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-லும், கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. சாத்தூர் என்றால் வெள்ளரியும் சேவும் நினைவுக்கு வரும். ஏழாயிரம்பண்ணையும் பழைய பாளையங்களில் ஒன்று. 1799-ல் கட்டபொம்மனோடு நின்றதற்காக ஆங்கிலேயர் பறித்துக்கொண்ட பாளையம். சற்றுத் தள்ளி வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டை அகழாய்வு, 2022 முதல் சங்கு வளையல்களையும் கண்ணாடி மணிகளையும் வெளியே கொண்டுவந்தது. பார்க்க வருகிறவர்களுக்குக் காட்ட வரலாறு இருக்கிறது. அவர்கள் வாங்கிப்போக ஊர்ப் பெயர் போட்ட, தரம் மாறாத, கெடாத ஒரு பொட்டலம் இருக்கிறதா என்பதுதான் விஷயம். தீட்டிய குதிரைவாலி அரிசி அரைக் கிலோ அதற்குத் தொடக்கமாக இருக்கலாம்.

போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கரிசல் மண்ணில் பன்னீர் திராட்சை வருமா?

வடிகால் வசதியுள்ள, கார அமில நிலை 6.5 முதல் 7 வரை உள்ள வண்டல் கலந்த மண்தான் திராட்சைக்கு ஏற்றது. தண்ணீர் தேங்கும் கனத்த கரிசலில் வேர் அழுகும். மகாராஷ்டிராவில் வடிகாலுள்ள கறுப்பு மண்ணில் திராட்சை விளைகிறது என்பது உண்மை. அங்கே பாசனமும் இருக்கிறது. மானாவாரி நிலத்தில் முயற்சி வேண்டாம். வற்றாத கிணறும் சொட்டுநீரும் இருந்தால், மண், நீர்ப் பரிசோதனை செய்த பிறகு 10 சென்ட்டில் சோதித்துப் பார்க்கலாம். தண்ணீரில் ஓரளவு உப்பு இருந்தால் 'டாக்ரிட்ஜ்' வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய கன்றுகளே நல்லது.

எந்த மாதம் போகலாம்?

வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக் கூட்டமும் மழையும் சேர்ந்துகொள்ளும். நிதானமாகப் பேசிப் பார்க்க விரும்பும் விவசாயிகள் அந்த மாதங்களைத் தவிர்க்கலாம். மருந்து தெளித்த தோட்டத்தில் அனுமதி இல்லாமல் பழத்தைப் பறித்துச் சாப்பிடக் கூடாது. தொழில்நுட்ப விவரங்களுக்கு ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமும், பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரியும் இருக்கின்றன. முன்கூட்டியே பேசிவிட்டுப் போவது நல்லது.

வீட்டிலேயே ஒயின் தயாரித்து விற்கலாமா?

கூடாது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதும் விற்பதும் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். சாறு, ஸ்குவாஷ், ஜாம் தயாரித்து விற்கலாம். அதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும்.

புவிசார் குறியீடு கிடைத்துவிட்டால் எல்லா விவசாயிகளும் அந்தப் பெயரைப் பயன்படுத்தலாமா?

குறியீடு ஊருக்கும் விளைபொருளுக்கும் கிடைப்பது. அதைப் பெட்டியில் அச்சிட்டு விற்க விரும்பும் ஒவ்வொரு விவசாயியும், சென்னையில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்ய வேண்டும். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும்; பிறகு புதுப்பிக்கலாம். பதிவு செய்தவர்கள் பெருகினால்தான், வேறு ஊர்ப் பழத்தைக் கம்பம் பழம் என்று விற்பவரைத் தட்டிக்கேட்க ஆள் இருக்கும்.